மீனவர் எல்லாரும் ஒரே சமுதாயமா? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கேள்வி பதில்

மனிதச் சமுதாயங்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அறிவித்திருந்தேன். கல்லூரியில் சமூகவியல் கற்பித்த பழக்கத்தில், பிடித்த கேள்விக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன். சாதிச் சான்றிதழ் பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. அவை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உரியவை.

மண்டபம், கல்லூரி மாணவி: ஐயா, சமுதாயத்தில் மொத்தம் எத்தனை வகை? பாடப்புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, வகுப்பில் வேறொன்று சொல்கிறார்கள்.

எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், அம்மா. வாழும் இடத்தை வைத்தால் சிற்றூர், நகரம். பிழைப்பை வைத்தால் வேட்டையாடி உணவு சேகரிப்போர், மேய்ச்சல்காரர், உழவர், தொழில் நகரத்தார். அதிகாரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால், அமெரிக்க மானுடவியலாளர் எல்மன் சர்வீஸ் 1962இல் சொன்ன நான்கு: சிறுகூட்டம், இனக்குழு, தலைவன் ஆளும் குடி, அரசு. நம்பிக்கையை வைத்துப் பிரிக்கலாம், ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதை வைத்தும் பிரிக்கலாம். இவை ஒன்றோடொன்று மோதும் பட்டியல்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாம்பன் ஊராட்சியின் வாக்காளர், மீனவக் குடும்பத்துப் பெண், ஒரு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ உரியவர், மகளிர் குழு உறுப்பினர், பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றுக்கடலையும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் அனுமதி இல்லாமல் தீவுக்கு வருபவர். ஒரே ஆளுக்கு இத்தனை இடம். அதனால் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் யார் போட்டது, எதற்குப் போட்டது, யாரை விட்டுவிட்டது என்று கேளுங்கள். இதை இன்னும் பல முறை சொல்வேன்.

பரமக்குடி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: டோன்னீஸுக்கும் துர்க்கைமுக்கும் என்ன வேறுபாடு சார்?

ஜெர்மன் சமூகவியலாளர் டோன்னீஸ் 1887இல் சொன்னது: ஊராலும் உறவாலும் கட்டுண்ட வாழ்வு ஒன்று, நோக்கத்துக்காகவும் ஒப்பந்தத்துக்காகவும் சேரும் வாழ்வு இன்னொன்று. முதலாவதுதான் இயல்பானது என்பது அவர் சாய்வு. பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைம் 1893இல் இதைத் திருப்பிப் போட்டார். எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதால் வரும் பிணைப்பை ‘இயந்திர ஒருமைப்பாடு’ என்றார், அது பழைய சமுதாயத்துக்கு. வேலைப் பிரிவினையால் ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது ‘உயிரி ஒருமைப்பாடு’, இது நவீன சமுதாயத்துக்கு. தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

தொண்டி, தமிழாசிரியர்: ஐந்திணையை உலகின் முதல் சமூகவியல் வகைப்பாடு என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம் ஐயா. திணை பாடலுக்கான இலக்கணம். அதை மக்கள் தொகைக் கணக்காகப் படித்தால் பாடலுக்கும் நியாயம் இல்லை, மக்களுக்கும் இல்லை. ஆனால் நிலம், பொழுது, தொழில், தெய்வம் நான்கையும் சேர்த்தே ஒரு வாழ்க்கையைப் பார்த்த பார்வை பெரிது, அதைச் சொல்லுங்கள். பரதவர், நுளையரோடு நெய்தல் பாடல்களில் உமணரும் வருகிறார்கள். அவர்கள் உப்பு வண்டி ஓட்டி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். ஒரு திணை மட்டும் தனித்து வாழ முடியாது என்பதற்கு அந்த வண்டிகளே சாட்சி. வாலிநோக்கம் உப்பளத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போங்கள், பாடம் தானாகப் புரியும்.

தங்கச்சிமடம், இளைஞர்: எங்கள் ஊரில் இவ்வளவு கூட்டம், கடை, வங்கி எல்லாம் இருந்தும் ஏன் ஊராட்சி என்கிறார்கள்?

இரண்டு வழியில் ஒரு ஊர் நகரமாகும். மாநில அரசு நகராட்சி, பேரூராட்சி என்று அறிவிப்பது ஒன்று. இராமேஸ்வரமும் மண்டபமும் அப்படி வந்தவை. மற்றது, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தன் அளவுகோலை வைத்து நகரம் என்று கருதுவது. குறைந்தது 5,000 பேர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மையாக வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காடு வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

நம் கரைக்கு முக்கியமான சங்கதி இனிமேல்தான். 1961, 1971 கணக்கெடுப்புகளில் மீன்பிடித்தல் வேளாண்மை அல்லாத தொழில். 1981லும் 1991லும் அதையே வேளாண்மைப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். கடலும் படகும் மாறவில்லை. கட்டம் மாறியதால் ஒரு மீனவ ஊர் நகரக் கணக்கிலிருந்து விலகி நிற்கலாம். ஆண்களை மட்டும் எண்ணும் அளவுகோல் என்பதையும் கவனியுங்கள்.

கீழக்கரை, மாணவர்: மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் எல்லாம் தனித்தனிச் சமுதாயமா, ஒன்றா?

தம்பி, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சம்பந்தம் பேசும் பெரியவர்களுக்கு அவை நெடுங்காலம் தனித்தனியாகவே இருந்தன. மத்ஹபிலும், அதாவது பின்பற்றும் இஸ்லாமியச் சட்ட மரபிலும், வேறுபாடு உண்டு: மரைக்காயர் மரபாக ஷாஃபி, ராவுத்தர் ஹனஃபி. ஆனால் தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் ‘லெப்பை, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உட்பட’ என்று ஒரே வரி. அந்தப் பட்டியலுக்கு 2007இல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. கல்வியிலும் வேலையிலும் பின்தங்கியிருப்பதுதான் அரசு கேட்கும் கேள்வி. திருமணமும் மத்ஹபும் அதற்குத் தேவையில்லை. இரண்டு பதிலும் சரி. ஒன்றின் பதிலை மற்றதற்கு எடுத்துக்கொண்டு சண்டை போடுவதுதான் தவறு.

சாயல்குடி: என் சாதி எந்தப் பட்டியலில் வரும்?

வட்டாட்சியர் அலுவலகம்.

முதுகுளத்தூர்: டோன்னீஸ், துர்க்கைம் வேறுபாடு கூறுக.

மேலே இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இராமேஸ்வரம், விசைப்படகு வைத்திருப்பவர்: எதையும் பிரித்துப் பிரித்துப் பேசுகிறீர்கள். கடலுக்குப் போகிறவன் எல்லாம் ஒரே சமுதாயம். எங்களைப் பிரிக்காதீர்கள்.

பிரிப்பவன் நான் இல்லை அண்ணே, இருப்பதைச் சொல்கிறேன். சாதியாலும் மதத்தாலும் நம் கரை ஒன்றல்ல. பரதவர், கடையர், கரையார், வலையர், முஸ்லிம்கள் எனப் பலர் கடலுக்குப் போகிறார்கள். சட்டமும் நிலத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கிறது. பட்டியல் சாதிகளின் பட்டியலுக்கு வந்த 2021 திருத்தத்தில் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்று சேர்த்தபோது, கடையருக்கு மட்டும் இராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதி நீங்கலாக என்ற நிபந்தனை இருந்தது.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: சார், அவர் ஒரே சமுதாயம் என்கிறார். விசைப்படகின் இழுவை வலை எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும்போது அந்தச் சமுதாயம் எங்கே போனது?

விசைப்படகு வைத்திருப்பவர்: இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும்போது நாட்டுப்படகு, விசைப்படகு என்று பார்க்கிறார்களா? அப்போது எல்லாரும் ஒன்றாகத்தானே வேலைநிறுத்தம் செய்கிறோம்?

இருவர் சொல்வதும் உண்மை. இதற்கு ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். ‘மீனவர்’ என்பது ஒரு வகை, வெளியே நிற்பவர் போடும் தலைப்பு. சேர்ந்து முடிவெடுத்துச் சேர்ந்து நடப்பவர்கள்தான் குழு. ஒரு வகைக்குள் பல குழுக்கள் இருக்கலாம், ஒரே ஆள் நேரத்துக்கு ஒரு குழுவில் நிற்கலாம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே நாள் வைத்துப் பிரித்ததற்குக் காரணம் இந்த மோதல்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், நாட்டுப்படகு போகும். தொழில்கருவி பிரிக்கிறது, சிறைப்பிடிப்பு சேர்க்கிறது.

அக்கரையையும் பாருங்கள். மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்களுக்கும் நமக்கும் மொழி ஒன்று, வழிபாடு ஒன்று, பலருக்குப் பழைய உறவும் உண்டு. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அவர்கள் இழுவை வலையை எதிர்த்து நின்றார்கள், 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. இரத்தமும் மொழியும் மட்டும் ஒரு சமுதாயத்தைப் பிடித்து வைக்கும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அண்ணே, உங்கள் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி எந்தப் பக்கம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

தங்கச்சிமடம், மீன் விற்பவர்: இவ்வளவு நேரமும் படகுகாரர்கள் பேச்சு. ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிற நாங்கள் எந்த வகை?

சரியான கேள்வி, அக்கா. படகை வைத்துப் பிரித்தால் நீங்கள் காணாமல் போவீர்கள். உழைப்பை வைத்துப் பிரித்தால் முன்னால் வருவீர்கள். கடன் கொடுப்பவர், ஏலம் விடுபவர், கருவாடு போடுபவர், பாசி எடுப்பவர் எல்லாரும் கடல்சார் சமுதாயம்தான். எண்ணுகிறவர் கடலுக்குள் போகிறவரை மட்டும் எண்ணினால் குறை எண்ணுகிறவரிடம்.

திருப்பாலைக்குடி: எந்தச் சமுதாயம் உயர்ந்தது, எது முன்னேறியது?

இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். 1877இல் அமெரிக்க மானுடவியலாளர் மார்கன் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று படி கட்டினார். அதே கண்ணோட்டம் நிலவிய காலத்தில்தான் 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பிலேயே குற்றவாளி என்று முழுச் சமுதாயங்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் நீண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். வகைப்பாட்டை ஏணியாக நிறுத்தினால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மண்டபம் முகாம், இளம்பெண்: நான் முகாமிலேயே பிறந்தவள். படிவத்தில் எந்தச் சமுதாயம் என்று எழுதுவது?

அம்மா, உங்கள் கேள்விதான் இன்று எனக்குக் கனமானது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அரசு கொடுத்தது ஒரு சட்ட நிலை. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றினார்கள், குடியுரிமை மாறவில்லை. எந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை கேட்கலாம் என்று சொல்லும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. ஆனால் தெருவும் பள்ளியும் திருமணமும் சாவும் சேர்ந்த வாழ்க்கை உங்கள் முகாமில் இருக்கிறது. சமூகவியல் அதைச் சமுதாயம் என்றே ஏற்கும். படிவத்தில் என்ன எழுதுவது என்பதற்கு முகாம் தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமுதி: டோன்னீஸ்...

மேலே.

பெரியபட்டினம், முதுகலை மாணவர்: கடலோர ஊரில் கள ஆய்வு செய்யப் போகிறேன். படிவத்தில் ‘சமுதாயம்’ கட்டத்தை எப்படி அமைப்பது?

கட்டமே போடாமல் அவர்களே சொல்வதை அவர்கள் சொல்லில் எழுதுங்கள். அப்புறம் படகு யாருடையது, எந்த வலை, மீன் யாரிடம் போகிறது, யாரிடம் கடன், ஊர்க்கூட்டத்தில் யார் பேசலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வகையைப் பிறகு நீங்கள் பிரிக்கலாம். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டு ஆண்கள் முன்னால் கேட்டால் ‘வீட்டு வேலை’ என்றுதான் படிவத்தில் ஏறும்.