தமனி–சிரை: வரிக்கு வரி பொருந்தாத விடைகள்

வணக்கம் டீச்சர். ‘தமனி, சிரை வேறுபடுத்துக’ (இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை) என்றால் உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இடப்பக்கம் ‘சுவர் தடிமனானது’, அதற்கு நேரே வலப்பக்கம் ‘வால்வுகள் உண்டு’ என்று எழுதுவதாகச் சொல்கிறீர்கள். பாடம் அவர்களுக்குத் தெரிகிறது. எதை வைத்து ஒப்பிடுவது என்பதுதான் பிடிபடவில்லை. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் இப்படித்தான் வரும்.

இரண்டு கட்டத்துக்குப் பதில் மூன்று போடச் சொல்லுங்கள். முதல் கட்டம் ‘அடிப்படை’: இரத்தம் செல்லும் திசை, சுவர், வால்வு, ஆக்சிஜன். இந்த நான்கையும் முதலில் மேலிருந்து கீழே எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியாகக் குறுக்கே நிரப்ப வேண்டும். தமனியை முழுதும் முடித்துவிட்டுச் சிரைக்குப் போகவே விடாதீர்கள், பழைய தவறு திரும்பிவிடும்.

ஆக்சிஜன் வரியில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். பொதுவாகத் தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தமும் சிரையில் குறைந்த இரத்தமும் ஓடும். ஆனால் நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் மிகுந்தது. ‘நுரையீரல் தமனி தவிர’ என்று எழுதப் பழக்குங்கள். திசைக்கு இந்த விதிவிலக்கு இல்லை, அதனால் அதுவே முதல் வரியாக இருக்கட்டும்.

கேள்வி ‘ஒப்பிடுக’ என்று வந்தால் ஒற்றுமையும் வேண்டும்: இரண்டின் சுவரும் மூன்று அடுக்கு கொண்டது.

பயிற்சிக்கு, தமனி, சிரை கட்டங்களை நிரப்பிக் கொடுத்து ‘அடிப்படை’யை மட்டும் காலியாக விடுங்கள்.