அந்துப்பூச்சிப் புழுக்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்களுக்குக் காங்கயம் பக்கம் கொரங்காடும் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொஞ்சம் தோட்டமும் உண்டு. எருக்கிலும் எலுமிச்சையிலும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அந்துப்பூச்சிகள் ராத்திரி விளக்குக்கு அத்தனை வந்தும், பகலில் தேடினால் அவற்றின் புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே, எப்படித் தேடுவது? கம்பளிப்புழு மேலே பட்டால் என்ன செய்வது?

– காங்கயம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செடியைத் தெரிந்துகொண்டு, அதன் அடியில் தரையைப் பாருங்கள். காம்போடு ஒட்டிக் கிடக்கும் பச்சைப் புழு பழகிய கண்ணுக்கும் தப்பும்; அதன் எச்சம் தப்பாது. பருந்து அந்துப்பூச்சிகளின் முற்றிய புழு போடும் எச்சம் மிளகைவிடப் பெரிது. நீளவாக்கில் ஆறு பள்ளம் விழுந்த சிறு உருளை. ஈரமும் பச்சையுமாக இருந்தால் புழு அநேகமாக நேர் மேலேதான். காய்ந்திருந்தால் இடம் மாறியிருக்கலாம். சாயங்காலம் செடியடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைத்துக் காலையில் பார்ப்பது நல்ல வழி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எச்சத்தை எங்கோ தள்ளிவிடும். அப்போது கடிபட்ட இலையைத்தான் நம்ப வேண்டும்.

கோடை மழைக்குப் பிறகு துளிர் விடும்போதும், ஐப்பசி, கார்த்திகையிலும் புழு அதிகம். அரளி, நந்தியாவட்டைத் துளிரில் தொடங்குங்கள். தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்புள்ளிகளோடு பச்சைப் புழு இருக்கும். முற்றியது பகலில் அடித்தண்டுக்கு இறங்கிவிடும் என்பதால் நுனியை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். எள்ளுக்காட்டில் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு, ஆமணக்கில் இலை நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும், உடலை வளைத்து வளைத்து நகரும் காவடிப்புழு, முருங்கைத் தண்டில் பகலில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்புழு. கருவேல மரத்தில் குச்சிகளை அடுக்கிய சின்னக் கூடு தொங்கினால் பிரிக்க வேண்டாம், புழு உள்ளேதான் இருக்கிறது. கண்வலிக்கிழங்குக் (செங்காந்தள்) கொடியின் புழு கறுப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு பட்டப்பகலிலேயே தெரியும். சாகுபடிக் காட்டில் மருந்து அடித்திருப்பார்கள். வேலியோரம் தானாக முளைத்த கொடியைப் பாருங்கள்.

இருட்டியபின் புற ஊதா டார்ச் பெரிய உதவி. ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்றால் நல்லது, கள்ளநோட்டுப் பார்க்கும் 395-ம் ஓரளவு உதவும். இலை மங்கலாகத் தெரிய, பல புழுக்கள் வெளிறி ஒளிரும். தேளும் ஒளிரும், அதுவும் நல்லதே. நடப்பதற்குச் சாதாரண டார்ச்சும் காலணியும் கட்டாயம். கொரங்காட்டில் விரியன் உண்டு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் போன்ற வனப்பகுதியில் அனுமதியில்லாமல் நுழையவோ எடுக்கவோ கூடாது.

வளர்ப்பதென்றால் புழுவைப் பிய்க்காதீர்கள், கால் அறுந்துவிடும். குச்சியோடு வெட்டி, காற்றோட்டமான டப்பாவில், டப்பாவுக்கு ஒரு புழுவாக வையுங்கள். மூடிய பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்து, எச்சத்தில் பூஞ்சை பிடித்துப் புழு செத்துப்போகும். தினமும் துடைத்து, அதே செடியின் இலையைக் கொடுங்கள். எள்ளுப்புழு தின்பதை நிறுத்தி அலைந்தால், கூட்டுப்புழுவாக மாற அரை அடி ஈர மண் வேண்டும். அரளிப் புழுவுக்குக் காய்ந்த சருகு போதும். முதுகில் அரிசி அளவு வெள்ளைக் கூடுகள் இருந்தால் அவை முட்டையல்ல, ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அந்தப் புழு பிழைக்காது. செடியிலேயே விட்டுவிடுங்கள், குளவியும் தோட்டத்துக்கு வேண்டியதுதான்.

கம்பளிப்புழு பட்டால் தேய்க்கவே கூடாது, ரோமம் இன்னும் ஆழமாக ஏறும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். உடுப்பைத் தனியே துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.