சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது

கேள்வி: மதுரை செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தனியார் நிறுவனத்தில் மாதம் 19,000 ரூபாய் சம்பளம். கிரெடிட் கார்டு கடனுக்கு 2022 ஆகஸ்டில் கடைசியாகப் பணம் கட்டினேன். நான் செலவழித்தது சுமார் 90,000 ரூபாய். இப்போது 2,40,000 ரூபாய் கேட்டு வங்கி வழக்குப் போட்டிருக்கிறது. நீதிமன்ற ஊழியரான அமீனா சம்மன் கொண்டுவந்தபோது, நண்பர் பேச்சைக் கேட்டு வாங்க மறுத்துவிட்டேன். வசூல் முகவர்களோ உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து, "மகனைக் கைது செய்வோம், வீட்டை ஜப்தி செய்வோம்" என்கிறார்கள். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. நான் சிறைக்குப் போக நேருமா?

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைப் போக்குங்கள். கார்டு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அந்தக் கடனுக்கு அவர் பொறுப்பல்ல. அவருடைய சொந்த வீட்டை அதற்காக ஜப்தி செய்ய முடியாது. கடனைக் கட்ட இயலாமற்போவது குற்றமும் அல்ல, அது உரிமையியல் (சிவில்) வழக்கு. நீங்கள் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியிருப்பது, பொய்யான ஆவணம் காட்டி கார்டு வாங்கியிருப்பது போன்ற நிலைகளில்தான் குற்ற வழக்குக்கு இடமுண்டு. வயதான தாயிடம் கைது என்று சொல்லி மிரட்டுவது அநியாயம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்புகளைப் பதிவு செய்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் விஷயத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது சம்மன்தான். வாங்க மறுத்தாலும் அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வராவிட்டால் வங்கி சொல்லும் கணக்கே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும். உங்கள் நண்பரைப் போலச் சொல்பவர்களால் எத்தனையோ குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே தோற்கின்றன. உடனே இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைக் கொண்டு வழக்கைத் தேடி, அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள். எதிருரை, அதாவது உங்கள் பதில் மனு, தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. விரைவாக முடிப்பதற்கான சுருக்கமுறை வழக்காக இருந்தால் ஆஜராகவே 10 நாள்தான். தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், அதை நீக்கக் கோர 30 நாள் அவகாசம் உண்டு.

பிராது (வங்கியின் வழக்கு மனு) நகலை வாங்கியதும் தாக்கல் செய்த தேதியைத்தான் முதலில் பாருங்கள். இத்தகைய கடனுக்கு, கட்டத் தவறியதிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கடைசியாக நீங்கள் கட்டியது 2022 ஆகஸ்டு என்பதால், 2025 செப்டம்பர் வாக்கில் காலவரம்பு முடிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் இடையில் கடனை ஒப்புக்கொண்டு எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் மூன்று ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்: முகவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்தது தொகை. 90,000 எப்படி 2,40,000 ஆனது என்பதற்கு மாதவாரியான கணக்கை வங்கியிடம் கேளுங்கள். கட்டப்படாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. கேட்காமல் ஏற்றப்பட்ட காப்பீட்டு பிரீமியம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தோற்றாலும் சம்பளம் முழுவதும் போய்விடாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை. உங்கள் 19,000-இல் அதிகபட்சம் 6,000 ரூபாயைத்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் வரைதான். வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. சிறையைப் பொறுத்தவரை, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுப்பவரைத்தான் உரிமையியல் சிறையில் வைக்கலாம், வெறும் ஏழ்மைக்காக அல்ல என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

காலவரம்பு உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் சமரசமே நல்லது. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் வங்கிக்கு நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதனால் அவர்களும் இறங்கி வருவார்கள். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. மாதத்தவணை உங்களால் தாங்கக்கூடியதுதானா என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். பணம் கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிவிடுங்கள்.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையென்றால், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்டு விண்ணப்பியுங்கள். ஆதாரும், சம்பளச் சான்றும், கார்டு ஸ்டேட்மென்ட் எதுவிருந்தாலும் அதுவும் கையில் இருக்கட்டும்.