போகவந்தலாவைத் தம்பிக்கு, ஸ்கேனர் வாங்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி மேலே போட்டுக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். "அண்ணே, இலங்கையில் போகவந்தலாவையிலிருந்து கனடாவில் டொரொண்டோவின் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம். பேஸ்மென்டில் இருக்கிறேன். ராத்திரி முழுக்க சைரன் சத்தம், என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பொலிஸ், தீயணைப்புக்காரர் வானொலியில் பேசுவதைக் கேட்கும் டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்று வாங்க ஆசை, ஆனால் புரோகிராம் செய்யத் தெரியாது. சுலபமானது எது? அப்பாவுக்கும் ஒன்று ஊருக்கு அனுப்பினால் மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்தி கேட்கலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: தபால் குறியீட்டைக் கேட்டு, மிச்சத்தைத் தானே செய்துகொள்ளும் மாதிரி ஒன்றை வாங்குங்கள். ஆனால் இந்த மாதம் வாங்க வேண்டாம். இரண்டாவதற்கு: அனுப்ப வேண்டாம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். இங்கே வந்த புதிதில் எனக்கும் இதே ஆசை வந்தது. பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் எண்பது டொலருக்கு ஒரு ஸ்கேனர் எடுத்தேன். கடைக்காரர் "எல்லாம் பிடிக்கும்" என்றார். இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து, சின்னச் சின்னப் பொத்தானை அழுத்தி அழுத்தி அலைவரிசை எண்களை ஏற்றினேன். கடைசியில் கேட்டது என்ன தெரியுமா? தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் ஓடுகிற மாதிரி ஒரே உறுமல். அது பழைய அனலாக் பெட்டி. நான் கேட்க நினைத்த சேவைகள் டிஜிட்டலுக்குப் போயிருந்தன. டிஜிட்டல் பேச்சை அனலாக் பெட்டியில் கேட்டால் அப்படித்தான் உறுமும். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை, எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

புரோகிராம் செய்வது ஏன் கஷ்டம் என்பதை ஒரு தரம் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானே தெரிந்துவிடும். பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் கங்காணி நின்றுகொண்டு, இந்தக் கூட்டம் ஏழாம் நம்பர் மலைக்கு, அந்தக் கூட்டம் மூன்றாம் நம்பருக்கு என்று பிரித்து விடுவார். நேற்று ஏழில் எடுத்தவர்கள் இன்று ஒன்பதில் எடுப்பார்கள். எந்த மலையும் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமில்லை. இங்கே பெரிய நகரங்களின் வானொலி முறையும் அதேதான், பெயர் டிரங்கிங். அலைவரிசைகள் கொஞ்சம், பேசும் குழுக்கள் நிறைய. தீயணைப்பு வண்டிக்காரர் பொத்தானை அழுத்தியதும் ஒரு கணினி காலியான அலைவரிசையைப் பார்த்து, "இந்தக் குழு இப்போது இங்கே" என்று கட்டுப்பாட்டு அலைவரிசையில் அறிவிக்கும். கங்காணியின் குரலைக் கேட்டால்தானே கூட்டம் எங்கே போயிற்று என்று தெரியும்? டிரங்கிங் தெரிந்த ஸ்கேனர் அந்த அறிவிப்பைக் கேட்டு, குழு போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகும்.

அதற்கு அந்த முறையின் அலைவரிசைகள், கோபுரங்கள், ஒவ்வொரு குழுவின் எண் எல்லாம் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கையால் ஏற்றினால் ஒரு வாரம் போய்விடும், ஓர் எண் தவறினாலும் சத்தம் வராது. ஊர் தெரிந்தவனுக்கே இது தலைவலி. நாலு மாதமாக இருப்பவருக்கு எந்தக் குழு எந்த வட்டாரம் என்று எங்கே தெரியப் போகிறது?

அதனால்தான் தபால் குறியீடு கேட்கும் மாதிரிகளைச் சொல்கிறேன். அமெரிக்கா, கனடா இரண்டின் தரவுகளும் உள்ளேயே இருக்கும். எம் 1 என்று தொடங்கும் உங்கள் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தானே எடுத்துக்கொள்ளும். யூனிடன் கம்பனியின் ஹோம்பட்ரோல் 2 இதில் மிகச் சுலபம், போன் மாதிரி திரையைத் தொட்டாலே போதும். அதே கம்பனியின் பிசிடி 436 எச்பி கையில் பிடிப்பது, 536 எச்பி மேசையிலோ காரிலோ வைப்பது. விலை கூடியவை எஸ்டிஎஸ் 100, 200. விஸ்லரின் டிஆர்எக்ஸ் 1 மாதிரியிலும் தபால் குறியீட்டு வசதி உண்டு. எதை எடுத்தாலும் பி25 என்ற டிஜிட்டல் வானொலி முறையின் இரண்டாம் கட்டம் வரை பிடிக்குமா என்று பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் மட்டும் தெரிந்த பழைய பெட்டியை யாராவது மலிவாகத் தந்தால், என் எண்பது டொலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிஎஸ் ஏன் அவ்வளவு விலை என்று கேட்பீர்கள். நகரங்களில் பல கோபுரங்கள் ஒரே பேச்சை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பும். சைமல்காஸ்ட் என்பார்கள். நம்ம ஊரில் ஒரு மலையிலிருந்து கூப்பிட்டால் எதிர்மலையிலிருந்து எதிரொலி வந்து, சொன்ன சொல்லோடு கலந்து, கடைசியில் ஒன்றும் விளங்காமல் போகும் இல்லையா, அப்படித்தான். இரண்டு கோபுரத்து அலைகளும் கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவான இடைவெளியில் வந்து மோதும்போது சாதாரண ஸ்கேனர் தடுமாறி, சொற்களை விழுங்கிவிடும். எஸ்டிஎஸ் வரிசை அதைச் சமாளிக்கவென்றே வேறு மாதிரியாகக் கட்டியது. உங்கள் வட்டாரத்தில் சைமல்காஸ்ட் இருந்தால் காசைச் சேர்த்து இதையே எடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

வாங்கிய அன்றைக்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. குறியீட்டைப் போட்டதும் நூற்றுக்கணக்கில் சானல்கள் வந்து நிற்கும். குப்பை வண்டி, பஸ், கட்டட வேலை, எல்லாம். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், கேட்க நினைத்தது மட்டும் காதில் விழாது. தூரத்தைக் குறையுங்கள். சேவை வகையில் தீயணைப்பை மட்டும் விட்டு மிச்சத்தை நிறுத்துங்கள். ஒரு வாரம் அதைக் கேட்டுப் பழகிய பிறகு அடுத்ததைத் திறக்கலாம். யூனிடன் மாதிரிகளுக்கு சென்டினல் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, விண்டோஸ் கணினி வேண்டும். அவ்வப்போது அதில் மாட்டித் தரவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த மாதம் வாங்காதே என்றால் எப்படி? காரணம் மறையாக்கம், அதாவது வெளியார் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்புவது. டொரொண்டோ பொலிசின் பேச்சு பூட்டியது. (யாழ்ப்பாணத்து நண்பர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், எனக்கு இன்னும் கை வரவில்லை.) பூட்டிய பேச்சை எந்த ஸ்கேனரும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் திறக்காது. காசு கட்டி ஏற்றும் கூடுதல் வசதிகள் எல்லாம் வேறு வகை டிஜிட்டலுக்கு, பூட்டைத் திறக்க அல்ல. திறக்கும் என்று சொல்லி விற்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். நீங்கள் கேட்கும் சைரனில் பாதி பொலிஸ் என்றால், அந்தப் பாதிக்குப் பெட்டி ஊமைதான்.

ஆகவே முதலில் ரேடியோரெஃபரன்ஸ் என்ற தரவுத்தளத்தில் ஒன்டாரியோவையும், பிறகு உங்கள் நகரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்தில் முறை என்று ஒரு பத்தி இருக்கும். டி (D) என்றால் டிஜிட்டல், கேட்கலாம். டிஇ (DE) என்றால் பூட்டியது. அந்த ஸ்கேனர்கள் தரவை எடுப்பதும் இங்கிருந்துதான். இதைப் பார்க்க ஒரு சதமும் ஆகாது. அப்புறம் இணையத்தில் ஸ்கேனர் பேச்சு கேட்கும் பிராட்காஸ்டிஃபையை போனில் போட்டு, யாரோ ஒருவர் தன் வீட்டு ஸ்கேனரிலிருந்து அனுப்புவதைச் சில நாள் கேளுங்கள். பத்தே நிமிடத்தில் சலித்துப்போனால் பல நூறு டொலர் மிச்சம். அந்தக் காசுக்கு நல்ல பனிக்காலச் சப்பாத்து வாங்கலாம், முதல் குளிர்காலத்துக்கு அதுதான் அவசரம்.

பேஸ்மென்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் இருந்துகொண்டு 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிடிப்பது பள்ளத்து லயத்திலிருந்து பேச்சுக் கேட்பது மாதிரி. எங்கள் லயத்தில் அப்பா செம்புக் கம்பியை மரத்தில் கட்டி இழுத்துத்தான் இலங்கை வானொலியை ஒழுங்காகக் கேட்டார். நீங்களும் பெட்டியை ஜன்னலோரம் வையுங்கள், முடிந்தால் ஆன்டெனாவை மட்டும் வெளியே எடுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு.

எனக்குப் பிடித்தது என்னவோ தீயணைப்பும் இல்லை, பொலிசும் இல்லை. ரயில். அஜின்கோர்ட் பக்கம் பெரிய சரக்கு ரயில் யார்டு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ரயில்காரர்கள் 160, 161 மெகாஹெர்ட்ஸில் இன்னும் அனலாக்கில்தான் பேசுகிறார்கள். விமானங்கள் 118 முதல் 137 வரை, அதுவும் அனலாக், பூட்டு இல்லை. இந்த இரண்டுக்கும் டிஜிட்டல் பெட்டியே வேண்டாம். யூனிடன் பிசி 125 ஏடி என்று 500 சானல் உள்ள சின்னப் பெட்டி போதும், டிஜிட்டலை விட விலை மிகக் குறைவு. இதில் கையால்தான் ஏற்ற வேண்டும், ஆனால் பத்துப் பதினைந்து எண்கள், குழுவும் கிடையாது, கங்காணியும் கிடையாது. ஒரு மாலையில் முடிந்துவிடும்.

நம்ம ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஓட்டுநர் வளையத்தில் கட்டிய டெப்லட் என்ற அனுமதித் தகட்டைக் கைமாற்றிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை ஒற்றைப் பாதை அவருடையது. இங்கே அதே வேலையைக் குரலில் செய்கிறார்கள். ஒருவர் உத்தரவைச் சொல்ல, ரயிலில் இருப்பவர் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் பக்கத்தில் இருக்கும் கருவி ஒன்று, ரயில் கடந்ததும் தானே பேசும்: எத்தனையாவது மைல், கோளாறு இல்லை, மொத்த அச்சு இத்தனை. முதல் தடவை அதைக் கேட்டபோது யாரோ பொறுமைசாலி ராத்திரியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஆங்கிலத்துக்கும் இது நல்லது. எண்களையும் எழுத்துகளையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். வேலைத்தளத்தில் சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் பேசியது எனக்குப் புரிய ஆரம்பித்தது இப்படித்தான். தபால் குறியீட்டு மாதிரிகளில் கடைசியாகக் கேட்டதைத் திரும்பப் போடும் வசதியும் உண்டு, விளங்காததை இன்னொரு தரம் கேட்கலாம்.

சட்டம்: கனடாவில் கேட்பதற்குத் தடையில்லை. கேட்டதைப் பயன்படுத்துவதும் மற்றவருக்குப் பரப்புவதும் குற்றம். இன்ன தெருவில் தீ என்று வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், ஓடிப்போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம்.

இனி அப்பா விஷயம். நீங்கள் கேட்டது எனக்கு விளங்குகிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போன செய்தி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஊரில் மழை என்றாலே இங்கே தூக்கம் வராது. ஆனால் ஸ்கேனர் அதற்கு மருந்தில்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தரவு வட அமெரிக்காவுக்கு மட்டும், போகவந்தலாவையில் அது என்ன குறியீட்டைக் கேட்கும்? இரண்டாவது, இலங்கையில் இப்படியான வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் நிற்கும், அப்பாதான் கொழும்புக்கும் ஹட்டனுக்கும் அலைய வேண்டி வரும். அவசரகாலச் சட்டம் இருந்த வருடங்களில் ஆன்டெனா நீட்டிய பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெரியவர் சோதனைச்சாவடியில் நிற்பதை நினைத்தாலே எங்கள் வயதுக்காரருக்கு வயிறு கலங்கும். காலம் மாறிவிட்டது என்பீர்கள், இருக்கலாம். நான் அனுப்ப மாட்டேன்.

அவருக்கு வேண்டியது பேட்டரியில் ஓடும் ஒரு சாதாரண ரேடியோ. மின்சாரம் போய் போன் கோபுரமும் நின்றுபோனாலும் இலங்கை வானொலி கேட்கும். அப்புறம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், அம்பர் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்த அளவை வீட்டிலேயே பார்க்கலாம். பக்கம் நேராக இருக்கும் தகரப் பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஸ்கேலை உள்ளே விட்டால் போதும். தோட்டத்து ஒபிசிலும் மழைமானி இருக்கும், கணக்கப்பிள்ளையைக் கேட்டால் சொல்வார். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் எந்த எச்சரிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117, அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். போனில் மட்டும் சேமித்தால் போன் செத்ததும் எண்ணும் போய்விடும்.

உங்கள் தபால் குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் அனுப்புங்கள், முழு முகவரி வேண்டாம். அந்தப் பக்கம் எந்தக் குழு திறந்திருக்கிறது, சைமல்காஸ்ட் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பிசி 125 ஏடி சும்மா கிடக்கிறது, இரண்டு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தாருங்கள்.