கொழும்பில் டைவ் முடிந்து மேலே வந்ததும் படகைக் காணவில்லை என்றால் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

கல்கிசைக்கு அப்பால் சிதைந்த கப்பல்களைப் பார்க்க இறங்குபவர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். அலைக்கு நடுவே ஒரு தலை மட்டும் தெரிந்தால், சில நூறு மீற்றர் தள்ளி நிற்கும் படகோட்டியின் கண்ணுக்கே அது படாது. கத்தினாலும் எஞ்சின் சத்தம் விழுங்கிவிடும்.

முதலில் வாங்க வேண்டியது, காற்று நிரப்பி நிமிர்த்தினால் நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் 1.8 மீற்றர் நீளச் செம்மஞ்சள் நிற மிதவைக் குழாய், கூடவே 30 மீற்றர் நூல் சுற்றிய ஸ்பூல். அடிப்பக்கம் திறந்த மலிவான குழாய் வேண்டாம். மேலே சாய்ந்தவுடன் காற்று போய்விடும். ஒருவழி வால்வும் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உள்ளதையே எடுங்கள். 5 மீற்றர் ஆழத்தில் நிற்கும்போதே மேலே விடுங்கள். அங்கே மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினாலே போதும், மேற்பரப்பில் காற்று விரிந்து குழாய் முழுதாகிவிடும். ஸ்பூலை உடலில் கொழுவி வைத்தால், நூல் சிக்கும்போது உங்களையும் மேலே இழுத்துவிடும், கையிலேயே பிடியுங்கள். மேலே வந்ததும் நூலைக் கீழ்நோக்கி இழுத்தால்தான் குழாய் நிமிர்ந்து நிற்கும்.

விசில், டோர்ச், கண்ணாடி மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். கண்ணாடியைப் பாவிக்கும் முறை: மறு கையை நீட்டி இரண்டு விரலுக்கு நடுவே படகு தெரியும்படி பிடியுங்கள், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் விரல்களில் விழும்படி கண்ணாடியைத் திருப்புங்கள்.

வசதியிருந்தால், செய்மதி வழியாக ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கனும் வாங்குங்கள். சாதாரண பீக்கன் டைவ் ஆழத்தைத் தாங்காது, அழுத்தம் தாங்கும் உறை கட்டாயம். உரிமையாளர் பதிவையும் செய்துவிடுங்கள்.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவே வேண்டாம். கீழே இறங்கக் கட்டிய ஈய எடையைக் கழற்றி விட்டு, துணையோடு சேர்ந்தே மிதந்திருங்கள்.