சின்சினாட்டியில் அம்மாவுடன் ஒரு பகல்

அம்மாவுக்கு முட்டிவலி, மாலையில் மியூசிக் ஹாலில் கச்சேரி, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பகலில் அதிகம் நடக்காமல் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். யூனியன் டெர்மினல் போங்கள். 1933இல் திறந்த ரயில் நிலையம், இப்போது அருங்காட்சியகம். அரைக்கோளக் கூரைக்கடியில் வளைவின் இரு முனைகளிலும் குடிநீர்க் குழாய்கள் இருக்கும். அம்மாவை ஒன்றின் பக்கம் நிறுத்திவிட்டு, மற்றொன்றில் சுவர்ப்பக்கம் திரும்பி மெல்லப் பேசுங்கள், காதருகே கேட்கும். எங்கள் வீட்டில் அரை மணிநேரம் இதே விளையாட்டுதான்!

அங்கே டிராம் போகாது, கார்தான். அப்புறம் மியூசிக் ஹால், 1878இல் கட்டிய செங்கல் மாளிகை. முன்னதாகவே போய், எதிரே வாஷிங்டன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முகப்பை நிதானமாகப் பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே படியேறத் தேவையில்லாத இருக்கை கேளுங்கள். ஓஹியோ ஆற்றுப் பாலத்துக்குப் போவதை விட்டுவிடலாம், நடை அதிகம்.