செஷன் இசைக்கலைஞர் என்றால் யார்? அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பெல் புகழ்பெறும் முன் அந்த வேலைதான் செய்தாரா?

ஆமாம். வேறொருவரின் பாட்டுப் பதிவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்துக் கொடுப்பவர்தான் செஷன் கலைஞர். கல்யாணப் பந்தியில் வயிறாரச் சாப்பிடுகிறோம், சமையல்காரர் பெயர் தெரியாது, அந்த மாதிரி.

ஸ்டுடியோவில் மணிக்கணக்குக்குக் காசு. அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டு பிசகாமல் வாசிப்பவர்களுக்குத்தான் கிராக்கி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கேம்பெல், 5 டாலர் கிதாரில் நான்கு வயதிலேயே வாசிக்கத் தொடங்கியவர். 1960இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, பீச் பாய்ஸ் இசைக்குழு ஆகியோரின் பதிவுகளிலெல்லாம் அவர் கிதார் இருக்கிறது. பாடகராக நாடறிந்தது 1967இல்தான். இடைப்பட்ட உழைப்புதான் அவரைச் செதுக்கியது என்பேன்.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவருக்கு இந்த வேலை கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கேம்பெலுக்கே அது படிக்கத் தெரியாது, காதால் கேட்டுத்தான் வாசித்தார்.